உயிர்த்தெழுந்த ஞாயிறும் நம் கண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் வீட்டில் 16 வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் தமிழ் ஜெபக்கூட்டம் நடக்கிறது. பன்னிரண்டு பேர் வந்தால் கூடம் நிறைந்துவிடும். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்கள் தொடங்கி, ஈஸ்டரின் ஐம்பதாம் நாளான பெந்தெகொஸ்தே வரை, தேநீர் ஊற்றும்போது, லிஃப்ட் வரை வழியனுப்பும்போது, சில சமயம் இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில், அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். சபையில் எழுந்து கேட்கத் தயங்குகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நான் போதகர் இல்லை. வேதத்தை நிறைய வாசித்திருக்கிறேன், துக்கத்தையும் அறிவேன். அந்த இரண்டை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதியிருக்கிறேன். யார் கேட்டது என்று தெரிந்துவிடும் விவரங்களை மட்டும் எடுத்துவிட்டேன். வசனங்கள் நாம் வீட்டில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து வருபவை.

"ஈஸ்டர்னா என்ன? கிறிஸ்துமஸ் மாதிரி இன்னொரு பண்டிகையா?"

என்னோடு வேலை செய்த இந்துத் தோழி ஒருவர் மதியச் சாப்பாட்டின்போது கேட்டது. கிறிஸ்துமஸ், இயேசு பிறந்ததைக் கொண்டாடும் நாள். சிலுவையில் இறந்து அடக்கம் செய்யப்பட்ட அவர் மூன்றாம் நாள் உயிரோடு எழுந்ததைக் கொண்டாடும் நாள் ஈஸ்டர். இரண்டில் இதுதான் மூத்தது. டிசம்பர் 25-ல் கிறிஸ்துமஸ் கொண்டாடியதற்குக் கிடைத்திருக்கும் முதல் பதிவு ரோம் நகரில் 336-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஈஸ்டரை எந்த நாளில் கொண்டாடுவது என்ற வாக்குவாதமோ இரண்டாம் நூற்றாண்டிலேயே நடந்திருக்கிறது. நாம் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போவதும் அவர் எழுந்த நாள் அது என்பதால்தான்.

தேதி ஏன் வருடாவருடம் மாறுகிறது என்றும் அவர் கேட்டார். திருச்சபைக் கணக்குப்படி மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். 2024-ல் மார்ச் 31-லும் 2025-ல் ஏப்ரல் 20-லும் வந்தது.

"பெரிய வெள்ளிக்கு லீவு இருக்கு, ஈஸ்டருக்கு ஏன் இல்ல?"

ஈஸ்டர் எப்போதும் ஞாயிறு. ஈஸ்டர் திங்கள் ஒரு காலத்தில் சிங்கப்பூரில் பொது விடுமுறையாக இருந்தது. 1968-ல் விடுமுறைகளைக் குறைத்தபோது தைப்பூசத்தோடு சேர்ந்து அதுவும் பட்டியலிலிருந்து போனது. அதனால் மறுநாள் காலை எல்லோரும் வேலைக்கு ஓடுகிறோம். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் பேசுகிறேன்.

"எப்பவும் சந்தோஷமா இருங்கன்னு பவுல் சொல்றாரே. அப்போ அழுதா தப்பா?"

தப்பில்லை. "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று அப்போஸ்தலர் பவுல் எழுதியது பிலிப்பி பட்டணத்துச் சபையாருக்கு. காவலில் கட்டுண்டிருந்தபோது எழுதிய கடிதம் அது. அதே கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தை யாரும் சுவரில் மாட்டுவதில்லை. அங்கே எப்பாப்பிரோதீத்து என்ற நண்பர் சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்ததைச் சொல்லி, "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு" தேவன் இரங்கினார் என்கிறார். ஏற்கெனவே ஒரு துக்கம் இருந்ததால்தானே மேலும் ஒன்று வேண்டாம் என்கிறார்? சந்தோஷமாயிருங்கள் என்று இரண்டு முறை சொன்னவர் துக்கத்தையும் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

இயேசுவும் தம் நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். இன்னும் சில நிமிடங்களில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். தாம் பிடிபட்ட இரவில் சீஷர்களிடம் சந்தோஷத்தைப் பற்றிப் பேசும்போது அவர் எடுத்த உவமை பிரசவம். வலிக்கிறவளிடம் "வலிக்கவில்லை என்று சொல்" என்று யாரும் சொல்வதில்லை. அந்த வலி எங்கே கொண்டுபோய் விடும் என்பது அவளுக்குத் தெரியும். ஈஸ்டர் சந்தோஷத்தை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். முகத்தில் வரவழைக்கும் சிரிப்பு அல்ல அது. நடந்த ஒரு காரியத்தைக் கேள்விப்பட்டதால் வருவது.

"அது நிஜமா நடந்துச்சுன்னு எப்படி நம்புறது? ஆறுதலுக்காகச் சொன்ன கதையா இருக்கலாமே?"

பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு தம்பி கேட்டான். இந்தக் கேள்வியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. "கிறிஸ்து எழுந்திராவிட்டால், உங்கள் விசுவாசம் வீணாயிருக்கும்" என்று பவுலே எழுதிவிட்டார். நடக்காத ஒன்றை வைத்து ஆறுதல் அடைவதில் அவருக்கும் விருப்பமில்லை. அந்த முதலாம் கொரிந்தியர் கடிதம் சிலுவை மரணத்துக்கு ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டது. உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்களைப் பேதுரு தொடங்கி வரிசையாகச் சொல்லி, ஐந்நூறுக்கும் அதிகமானவர்கள் ஒரே வேளையில் கண்டார்கள், அவர்களில் பெரும்பாலானோர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்கிறார். வேண்டுமானால் போய்க் கேட்டுப் பாருங்கள் என்று சொல்கிற தொனி அது.

எனக்கு அதைவிட வலுவாகப் படுவது வேறொன்று. நான்கு சுவிசேஷங்களிலும் காலியான கல்லறையை முதலில் பார்த்தவர்கள் பெண்கள். அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், பெண்களின் சாட்சியை ஏற்கக் கூடாது என்றே எழுதியிருக்கிறார். கதை கட்டுகிறவர்கள் நம்ப மாட்டார்கள் என்று தெரிந்த சாட்சிகளை முன்னால் நிறுத்துவார்களா? சீஷர்களே முதலில் அவர்கள் சொன்னதை வீண்பேச்சு என்று தள்ளிவிட்டார்கள். இதெல்லாம் கணக்குப் பாடத்தில் விடை நிரூபிப்பது போன்ற நிரூபணம் இல்லைதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பு என்றும் வேதம் கேட்கவில்லை.

"ஈஸ்டர் அன்னைக்கு எல்லாரும் பட்டுப்புடவை கட்டிச் சிரிச்சிட்டு இருக்காங்க. எனக்கு அழுகைதான் வருது. என் விசுவாசத்துல குறையா?"

என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். முதல் ஈஸ்டர் காலையைச் சுவிசேஷங்களில் வாசித்துப் பாருங்கள். மகதலேனா மரியாள் கல்லறைக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருக்கிறாள். மாற்கு சொல்கிறபடி பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள். எம்மாவு என்ற ஊருக்கு நடந்துபோகும் இரண்டு பேர் முகவாட்டத்தோடு "நம்பியிருந்தோம்" என்று இறந்தகாலத்தில் பேசுகிறார்கள். அன்று காலை சந்தோஷத்தோடு விழித்தவர் ஒருவர்கூட இல்லை. மரியாளிடம் இயேசு கேட்ட முதல் வார்த்தை "ஸ்திரீயே, ஏன் அழுகிறாய்" என்பது. கண்ணீர் வழிந்ததால் அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்திருப்பாள் என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும். அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "மரியாளே" என்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது போதுமாயிருந்தது.

என் கணவர் இறந்தது ஒரு லெந்து காலத்தில். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மூன்று நாள் வைத்திருந்து அடக்க ஆராதனை செய்தோம். ஒன்பதாம் நாள் ஈஸ்டர். போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன், மகள் கூட்டிப்போனாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். "கர்த்தர் உயிர்த்தெழுந்தார்" என்று போதகர் சொல்ல, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று சபை பதில் சொன்னபோது என் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த பாட்டி, எனக்கு அதிகம் பழக்கமில்லாதவர், பாட்டுப் புத்தகத்தை என் பக்கமாகச் சாய்த்து, "நீ பாட வேண்டாம்மா. உனக்கும் சேத்து நான் பாடுறேன்" என்றார்.

எனக்கு அன்று சந்தோஷம் வரவில்லை, அதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் நான் பாடாவிட்டாலும் அந்தப் பாட்டு நிற்கவில்லை. நான் நம்ப முடியாத காலையிலும் அவர் எழுந்தவராகவே இருந்தார். என் மனநிலை அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை என்று தெரிந்தது எவ்வளவு பெரிய நிம்மதி. பட்டுப்புடவை கட்டியவர்களைப் பற்றியும் தவறாக நினைக்காதீர்கள். அவர்களில் எத்தனை பேர் போன வருடம் கடைசி பெஞ்சில் இருந்தவர்களோ.

"மரணத்தையே ஜெயிச்ச கடவுள் எங்க அம்மாவை ஏன் காப்பாத்தல? அவ்வளவு ஜெபம் பண்ணினோமே."

காரணம் எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசுகிறவர்களிடம் நீங்கள் பட்ட காயமும் இருக்கிறது, அதையும் சொன்னீர்கள். "கடவுள் தம் தோட்டத்துக்கு நல்ல பூவைப் பறித்துக்கொண்டார்" என்று ஒருவர் துக்க வீட்டில் சொன்னாராம். அன்போடு சொல்லியிருப்பார், ஆனாலும் வேதத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. பவுல் மரணத்தைக் கடைசிச் சத்துரு என்கிறார். சத்துரு என்றால் அது நல்லது செய்ய வந்ததாகப் பூசி மெழுக வேண்டியதில்லை. கடைசி என்றால் இன்னும் களத்தில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதன் தோல்வி இயேசுவின் கல்லறையில் முடிவானது. நம் ஒவ்வொருவர் வீட்டிலும் அதைக் கண்ணால் காணும் நாள் இன்னும் வரவில்லை.

லாசரு இறந்தபோது அவன் சகோதரிகளான மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே வந்து ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்க மாட்டான். நீங்கள் கேட்டதும் அதுதான். இயேசு இருவரில் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை. மார்த்தாளிடம் பேசினார், மரியாளோடு அழுதார். லாசரு எழுந்தான், ஆனால் பிறகு ஒருநாள் அவனும் மறுபடி இறந்தான். ஈஸ்டரில் நடந்தது அது அல்ல. இயேசு மறுபடி சாகாதவராக எழுந்தார், நம் அம்மாமாருக்கும் வாக்களிக்கப்பட்டிருப்பது அதுதான். உங்கள் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் "இல்லை" என்றுதான் உங்களுக்குத் தோன்றுகிறது. "இன்னும் முடியவில்லை" என்று நான் நம்புகிறேன். இதை உடனே ஏற்றுக்கொள்ளும்படி கேட்கவில்லை.

உயிர்த்தெழுந்த உடலில் ஆணி பாய்ந்த தழும்புகள் அப்படியே இருந்தன. அதைத் தம் சீஷனான தோமாவிடம் காட்டினார். அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் காயத்தை மறைக்காதவர் உங்கள் காயத்தை மறைக்கச் சொல்ல மாட்டார்.

"வேலை போயிடுச்சு. உயிர்த்தெழுதல் என் வீட்டுக் கடனைக் கட்டுமா?"

ஆட்குறைப்பில் வேலை இழந்த ஒரு அண்ணன், 50 வயதைத் தாண்டியவர், கோபத்தோடு கேட்டார். அந்தக் கோபம் நியாயமானது. அப்போஸ்தலர் நடபடிகள் நான்காம் அதிகாரத்தில் அடுத்தடுத்து இரண்டு வசனங்கள் இருக்கின்றன. 33-ஆம் வசனம், அப்போஸ்தலர் உயிர்த்தெழுதலைக் குறித்து மிகுந்த பலமாய்ச் சாட்சி கொடுத்தார்கள் என்கிறது. 34-ஆம் வசனம், அவர்களில் ஒருவருக்கும் குறைவில்லை என்கிறது. நிலமும் வீடும் உள்ளவர்கள் விற்றுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதல் சபையில் ஈஸ்டர் பிரசங்கமும் அடுத்தவர் வாடகையும் ஒரே மூச்சில் வருகின்றன. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டோம் என்றால், குற்றம் எங்களைப் போன்ற சபையாருடையது.

அதனால் அவரிடம் சில காரியங்கள் சொன்னேன். போதகரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள், பல சபைகளில் இதற்கென்றே நிதி ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வட்டாரத்துச் சமூகச் சேவை அலுவலகத்துக்கும் போங்கள், அது பிச்சை கேட்பது ஆகாது. வீட்டுக் கடன் தவணையைப் பற்றி வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடமோ (வீவக) வங்கியிடமோ தவறுவதற்கு முன்பே பேசுவது, தவறிய பிறகு பேசுவதைவிட எளிது. வட்டிக்கடைக்காரரிடம் மட்டும் போகாதீர்கள்.

அவருக்கு வேலை கிடைக்க ஏழு மாதம் ஆனது, முன்பைவிடக் குறைந்த சம்பளத்தில். அந்த ஏழு மாதமும் அவர் வெள்ளிக்கிழமைகளில் வந்தார். சில நாட்கள் ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டார்.

"இங்க 15 வருஷத்துல கல்லறையைத் தோண்டிடுறாங்க, இல்லைன்னா எரிச்சிடுறோம். சாம்பலா போன உடம்பு எப்படி எழும்பும்?"

சிங்கப்பூரில் வாழ்கிறவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. இன்று புதிதாக அடக்கம் செய்ய இருக்கும் ஒரே இடம் சுவா சூ காங் கல்லறைத் தோட்டம். 1998 முதல் அங்கே ஒரு கல்லறைக்கு 15 ஆண்டு மட்டும்தான். என் தாத்தாவை அடக்கம் செய்தது பிடாடாரியில். 1972-ல் அந்தக் கல்லறைத் தோட்டம் மூடப்பட்டது, 2000-களின் தொடக்கத்தில் கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். எங்கள் முறை வந்த காலையில் நானும் என் சித்தப்பாவும் போய் நின்றோம். ஓங்குதாங்கான மனிதராக இருந்தவர் என்று கேட்டு வளர்ந்திருந்தேன். இரண்டு கைகளில் ஏந்தும் அளவுக்குத்தான் இருந்தார். இன்று அந்த இடத்தில் வீவக வீடுகள், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். வூட்லீ எம்ஆர்டி ரயில் நிலையத்தைத் தாண்டும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

இதே கேள்வியை வைத்துக் கிறிஸ்தவர்களைக் கேலி செய்தவர்கள் ஆதியிலேயே இருந்தார்கள். 177-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் இரத்தசாட்சிகளாக மரித்தவர்களின் உடல்களை எரித்து, சாம்பலை ரோன் நதியில் கரைத்தார்கள். இனி எப்படி எழுவார்கள் பார்க்கலாம் என்று சொல்லியே செய்தார்கள். அந்தச் சபை பயந்து கலைந்துவிடவில்லை. மண்ணிலிருந்து மனிதனை உண்டாக்கியவருக்கு எலும்பும் சாம்பலும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது கணக்கே இல்லை. பவுல் விதையைக் காட்டுகிறார்: "அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்." நெல்மணியைத் தோண்டிப் பார்த்தால் மணி இருக்காது, பயிர் இருக்கும்.

எரிப்பது பாவமா என்றால், இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1963-ல் அனுமதித்தது. ஆனால் சாம்பலைத் தூவக் கூடாது, புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-ல் மறுபடியும் நினைவூட்டியது. அதனால் சுவா சூ காங்கில் 2021-ல் திறந்த சாம்பல் தூவும் தோட்டத்தைப் பற்றி யோசிக்கும் கத்தோலிக்கக் குடும்பத்தார் முதலில் பங்குத்தந்தையிடம் பேசிவிடுங்கள். மற்ற சபைகளில் பெரும்பாலும் குடும்பத்தின் முடிவுக்கே விட்டுவிடுகிறார்கள்.

"அக்கா, எனக்கு ஞாயித்துக்கிழமையும் ஷிஃப்ட். ஈஸ்டர் ஆராதனைக்கே போக முடியல. ஆசீர்வாதம் போயிடுமா?"

கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர், ஊர் தூத்துக்குடிப் பக்கம். இல்லப் பணிப்பெண்களாக இருக்கும் சகோதரிகளும் கேட்பார்கள். போகாது தம்பி. முதல் ஈஸ்டர் மாலையில் சீஷர்கள் கூடியிருந்த இடத்தில் தோமா இல்லை. ஏன் இல்லை என்று வேதம் சொல்லவில்லை. வேலையாகவும் இருந்திருக்கலாம். எட்டு நாள் கழித்து இயேசு மறுபடியும் வந்தார், வந்ததும் நேராகத் தோமாவிடம்தான் பேசினார். வராமல் போன ஒருவருக்காகத் திரும்பி வருகிறவர் அவர்.

இன்னொன்றும் கவனியுங்கள், அவர் வந்தபோது கதவுகள் பூட்டியிருந்தன. 2020-ல் ஏப்ரல் 7-ல் சர்க்கிட் பிரேக்கர் என்ற கொரோனா ஊரடங்கு தொடங்கியது, 12-ஆம் தேதி ஈஸ்டர். ஆலயங்கள் எல்லாம் மூடியிருந்தன. பல விடுதிகளில் ஊழியர்கள் அறையைவிட்டு வெளியே வர முடியாத நாட்கள். அப்போது ஒரு தம்பி மேல்கட்டிலில் போர்வையைத் திரையாகக் கட்டிக்கொண்டு, கைபேசியில் யோவான் 20-ஐ வாசித்து எனக்குக் குரல்பதிவு அனுப்பினார். கதவு பூட்டியிருந்தது என்ற வசனத்தில் கொஞ்சம் நிறுத்தினார். நான் கேட்ட நல்ல ஈஸ்டர் பிரசங்கங்களில் அந்த நிறுத்தமும் ஒன்று.

நடைமுறையாகச் சொன்னால், கத்தோலிக்கர்களுக்குச் சனி இரவுப் பாஸ்கா திருவிழிப்பே ஈஸ்டர் திருப்பலிதான். விடுப்பு கிடைக்கும் ஞாயிறு தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) வருகிறீர்கள் என்றால், 1888-ல் கட்டிய ஓபீர் ரோடு லூர்து மாதா ஆலயமும், ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயமும் நடந்து போகும் தூரம்தான். ஈஸ்டர் காலம் 50 நாள். தாமதமாக வந்தாலும் அது ஈஸ்டர்தான்.

"மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுறேன். ஈஸ்டர் சந்தோஷம் இருக்கிறவங்களுக்கு இது எதுக்குன்னு ஒரு சகோதரி கேட்டாங்க."

மாத்திரையை நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்குச் சாப்பிடுகிறவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. எம்மாவு வழிப் பயணத்தை நமக்கு எழுதித் தந்த லூக்காவை வேதம் பிரியமான வைத்தியன் என்கிறது. சந்தோஷம் என்றால் என்ன என்று மேலே மூன்றாம் கேள்வியில் சொன்னதை இன்னொரு தடவை வாசியுங்கள். அது நம் மூளையின் வேதியியலோடு போட்டிபோடும் ஓர் உணர்ச்சி இல்லை.

சங்கீதம் 88-ஐ உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். இருளில் தொடங்கி இருளிலேயே முடியும் ஜெபம் அது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், ஜெபக்கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். 1767 என்ற எண்ணில் எந்நேரமும் கேட்க ஆள் இருக்கிறார்கள். என்னையும் கூப்பிடுங்கள், நடுராத்திரியானாலும் பரவாயில்லை.

"எங்க அப்பா இந்துவாவே இறந்துட்டாரு. அவர் இல்லாம எனக்கு மட்டும் எப்படி இந்தச் சந்தோஷம்?"

குடும்பத்தில் தனியாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. உங்கள் அப்பாவின் முடிவை அறிவிக்கும் அதிகாரம் எனக்கோ உங்கள் சபையில் யாருக்குமோ தரப்படவில்லை. ஆபிரகாம் தேவனிடமே கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ." அதற்குமேல் போக எனக்குத் துணிவில்லை. அதற்குக் கீழே நிற்கவும் மனமில்லை. அந்த நியாயாதிபதி ஆணித் தழும்புள்ள கையோடு இருக்கிறவர். பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளன் ஒருவன் கடைசி நேரத்தில் சொன்ன ஒரு வரியைக் கேட்டுக்கொண்டவர். உங்கள் அப்பாவை உங்களைவிட அதிகமாக நேசிக்கிறவர்.

அப்பாவிடம் பெற்ற நல்லதற்கெல்லாம் நன்றி சொல்லுங்கள். உங்கள் அப்பா அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து பேருந்துப் பணிமனைக்குப் போனதை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஈஸ்டர் அன்று அவரை நினைத்து அழுதால், அது விசுவாசத்துக்கு எதிரானது இல்லை.

"என் கஷ்டத்துக்கு நானே காரணம். சூதாட்டத்துல எல்லாத்தையும் விட்டுட்டேன். எனக்கும் இந்தப் பண்டிகை உண்டா?"

சீஷனான பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் பக்கத்தில், குளிர் காய்ந்துகொண்டு. யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு மறுபடி ஒரே ஓர் இடத்தில் வருகிறது. உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் மூட்டிய நெருப்பு, மேலே மீன் வெந்துகொண்டிருக்கிறது. பேதுருவுக்கு அந்த வாசனை எதை நினைவூட்டியிருக்கும் என்று யோசியுங்கள். முதலில் "வாருங்கள், சாப்பிடுங்கள்" என்று எல்லோரையும் அழைத்தார். சாப்பிட்ட பிறகுதான் பேசினார். ஏன் செய்தாய் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டார். அவன் மறுதலித்ததும் மூன்று முறை. அப்புறம் அவனிடமே ஆடுகளை ஒப்படைத்தார். உண்டு, உங்களுக்கும் உண்டு.

கூடவே, கசினோவுக்குள் தன்னை விடவேண்டாம் என்று நாமே பதிவு செய்துகொள்ளும் வழி இருக்கிறது. குடும்பத்தாரும் விண்ணப்பிக்கலாம். உதவி எண் 1800-6668-668. இந்த வாரமே செய்யுங்கள், மனைவியிடம் கடன் கணக்கு முழுவதையும் காட்டுங்கள். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் நானும் என் மகளும் கூட வருகிறோம்.

"ஞாயிறு காலையில சந்தோஷம் வந்துச்சு. திங்கள் காலையில எம்ஆர்டி-லயே போயிடுச்சு. அப்போ அது நிஜமா?"

போன வருடம் ஒரு தங்கை கேட்டாள், கைக்குழந்தைக்காரி. கடற்கரைச் சம்பவத்தை மறுபடி பாருங்கள். சீஷர்கள் அதற்குள் இரண்டு முறை அவரைக் கண்டிருந்தார்கள். அப்புறமும் "மீன்பிடிக்கப் போகிறேன்" என்று பேதுரு கிளம்புகிறார், இராத்திரி முழுவதும் ஒன்றும் அகப்படவில்லை. உயிர்த்தெழுதலுக்குப் பிறகும் வெறும் வலை இருந்தது, பசி இருந்தது, தூக்கமில்லாத இரவு இருந்தது. விடியும்போது அவர் கரையில் நின்றார், ஆனால் இயேசு என்று அவர்கள் அறியவில்லை. நெரிசலில் நின்றுகொண்டு போன அந்தத் திங்கட்கிழமையிலும் அப்படி இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். உணர்ச்சி போய்விட்டது உண்மை. செய்தி போகவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஈஸ்டருக்குப் பிறகு வரும் ஏழு வெள்ளிக்கிழமைகளிலும், உயிர்த்தெழுந்த இயேசு யாருக்காவது தோன்றிய ஒரு பகுதியை மட்டும் வாசிப்போம். வாசித்து முடித்ததும் ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் தங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்லலாம், கெட்டதாக இருந்தாலும் சரி. பதில் சொல்ல யாரும் முந்த மாட்டோம். பிறகு சாப்பாடு. மேலே நான்கு சுவிசேஷங்களையும் தொட்டிருக்கிறேன். தனியாகத் தொடங்குகிறவர்கள் யோவான் 20-ஐயும் 21-ஐயும் முதலில் எடுங்கள், பிறகு லூக்கா 24. அந்தத் தங்கை குழந்தையோடு வருகிறாள். அதற்கென்று கூடத்தின் மூலையில் ஒரு பாய் போட்டு வைத்திருக்கிறோம்.